நெத்திப்பொட்டு மரத்துப்போச்சான்னு கேளுங்க: கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி, ஒரு கேஸ்

இடது கண்ணு மேலிமை வெளியோரமா வீங்கி, ரெண்டு தடவ ஸ்டீராய்டு கோர்ஸ் முடிச்சு, ஒரு பயாப்சியும் பண்ணி "நாள்பட்ட வீக்கம், கேன்சர் செல் எதுவும் இல்ல"ன்னு ரிப்போர்ட்டும் கையில வச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. வயசு 36. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின் டெய்லர். கூட வீட்டுக்காரர் வந்திருந்தார். ஃபைல்ல இருந்த பேப்பர் எல்லாம் பயப்படற மாதிரி எதுவும் சொல்லல, ஆனா அந்தம்மா உக்காந்திருந்த விதம்தான் என்னைய உறுத்துச்சு, இடது நெத்திப்பொட்ட கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பேசினாங்க, ஒரு நிமிஷம் கூட கைய எடுக்கல.

"ராத்திரிக்குத்தானுங்க டாக்டர் ஜாஸ்தி. பகல்ல மெஷின் சத்தத்துல தெரியறதில்லீங்க. படுத்தா உள்ளுக்குள்ள ஆணி வெச்சு குடையற மாதிரி இருக்குதுங்க, அப்படியே காதுப்பக்கம் எறங்குதுங்க."

கதை இப்படி. 7 மாசம் முன்னாடி ஆரம்பிச்சது வலிதான், வீக்கம் கூட இல்ல. ஒத்தத் தலைவலின்னு சொல்லி 2 மாசம் மாத்திரை. அப்புறம் இமையோரம் லேசா தடிச்சது. கண்ணீர்ச் சுரப்பி அழற்சின்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு வாரத்துலயே வலி பாதியா கொறஞ்சிருச்சு, வீக்கமும் வத்தின மாதிரி இருந்துச்சு, எல்லாருக்கும் நிம்மதி. டோஸ கொறச்சுக் கொறச்சு நிறுத்தின மூணாவது வாரம் வலி திரும்பிருச்சு. மறுபடி ஸ்டீராய்டு, மறுபடி கொஞ்சம் தேவல, மறுபடி வலி. ரெண்டாவது கோர்ஸுக்கு அப்புறம்தான் இன்னொரு எடத்துல இமைய மடக்கி உள்பக்கமா ஒரு துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருக்காங்க, அதுலதான் அந்த ரிப்போர்ட். மூணாவது தடவ ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு கருத்து கேக்கலாம்னு எங்ககிட்ட வந்தாங்க.

நான் முதல்ல கேட்டது போன்தான். இந்த மாதிரி கேஸ்ல பழைய போட்டோவ விட நல்ல டெஸ்ட் கிடையாது. வீட்டுக்காரர் போன்ல போட்டோ தள்ளிக்கிட்டே வந்தார், போன வருஷ பொங்கல்ல ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கு, அக்கா பையன் காதுகுத்துல இடது இமை வெளியோரம் மட்டும் ஒரு நூல் எறங்கியிருக்கு, அவங்க வீட்ல யாரும் அத கவனிக்கல, பெரிசு பண்ணி காட்டினதும்தான் "அட ஆமாங்க"ன்னாரு. அது 6 மாசம் முன்னாடி எடுத்தது. 2 மாசம் முன்னாடி எடுத்ததுல இமை விளிம்பு படுத்துக் கெடக்கற எஸ் எழுத்து மாதிரி வளைஞ்சே போயிருந்துச்சு. ஆக இது வருஷக்கணக்கா மெதுவா வளர்ந்த சமாச்சாரம் கெடையாது. இத மனசுல குறிச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

படிக்கறவங்க எல்லாரும் டாக்டரா இருக்க மாட்டாங்க, அதனால சுரப்பி எங்க இருக்குன்னு சொல்லிடறேன். புருவத்தோட வெளிப்பக்க முனைக்கு கீழ, கண்குழி எலும்புல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, அதுக்குள்ள பாதாம் பருப்பு அளவுல ஒக்காந்திருக்கு. இமைய தூக்கற தசையோட தசைநார் அத ரெண்டா பிரிக்குது, பெரிய பகுதி உள்ள கண்குழிக்குள்ள, சின்ன பகுதி இமைக்குள்ள. சின்னத நீங்களே பாக்கலாம், இமைய மேல தூக்கிட்டு கண்ண உள்பக்கமா கீழ பாக்கச் சொன்னா இளஞ்சிவப்பா எட்டிப் பாக்கும். கண்ணீர் கொண்டு வர்ற குழாய் எல்லாமே பெரிய பகுதியில இருந்து இந்த சின்ன பகுதி வழியாத்தான் வெளிய வருது. கட்டி வர்றது பெரும்பாலும் உள்ள இருக்கற பெரிய பகுதியில. இந்தம்மாவுக்கு முன்னாடி பயாப்சி எடுத்தது எங்கன்னு இப்ப யோசிச்சுப் பாருங்க.

பரிசோதனைக்கு வர்றேன். பார்வை வலது 6/6, இடது 6/9. கண்ணு எவ்ளோ முன்னாடி தள்ளியிருக்குன்னு ஹெர்ட்டல் கருவில அளந்தா வலது 15 மி.மீ., இடது 19. ரெண்டு கண்ணுக்கும் 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தாலே காரணம் தேடணும், இங்க 4. கண்ணு முன்னாடி மட்டும் வரல, கீழயும் மூக்குப் பக்கமும் தள்ளியிருந்துச்சு, அதாவது மேல வெளிப்பக்கத்துல இருந்து ஏதோ ஒண்ணு தள்ளுது. மேல பாக்கச் சொன்னா இடது கண்ணு பாதியிலயே நின்னுச்சு, அதனாலதான் டியூப்லைட்ட பாத்தா ரெண்டா தெரியுதுன்னு சொன்னாங்க. சுண்டுவிரல எலும்பு விளிம்புக்கு கீழ நுழைச்சுத் தொட்டா கல்லு மாதிரி கெட்டியா ஒண்ணு, நகரல. விழித்திரைக்குப் பின்னாடி கோராய்டுங்கற ரத்தக்குழாய்ப் படலத்துல மடிப்பு விழுந்திருந்துச்சு, வெளிய இருந்து ஏதோ ஒண்ணு கண்ண அழுத்துதுன்னு அதுக்கு அர்த்தம். பார்வை நரம்பு நல்லாருக்கு. காது முன்னாடி, கழுத்துல நெறிகட்டல. வலது பக்கம் சுத்தம்.

அப்புறம் பஞ்சு. இதுக்குன்னு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு துண்டு பஞ்ச நுனிய மெலிசா திரிச்சு, அவங்கள கண்ண மூடச் சொல்லி, வலது நெத்திப்பொட்ட தொட்டேன். "தெரியுதுங்க." இடது பக்கம் அதே எடத்துல தொட்டேன், பதில் வரல. மறுபடி தொட்டேன். கண்ண மூடிக்கிட்டே "இன்னும் தொடலீங்களே"ன்னாங்க. மேலிமை வெளியோரமும் அப்படித்தான், புருவத்துக்கு நடுவுல வந்தா தெரியுது. அப்பதான் கேட்டேன், இங்க மரத்துப் போன மாதிரி இருக்குதாம்மான்னு. "ஆமாங்க, தலைக்கு குளிக்கறப்ப சுடுதண்ணி இந்தப்பக்கம் விழுந்தா தெரியறதில்லீங்க, வலி மாத்திரையாலன்னு நெனச்சேனுங்க." 4 மாசமா அப்படி இருந்திருக்கு, அவங்களும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல.

எனக்கு இந்த கேஸ்ல திருப்பம் இதுதான், ஸ்கேன் எல்லாம் அப்புறம். வலிக்குதுன்னா அழற்சி, வலிக்காம இருந்தா கட்டின்னு நாம எல்லாரும் ஹவுஸ் சர்ஜனா இருக்கறப்பவே மனசுல பதிய வச்சுக்கறோம். மத்த எடத்துக்கு அது சரியா இருக்கலாம், கண்ணீர்ச் சுரப்பியில அத நம்பினா தப்பாயிரும். இங்க வர்ற அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாங்கற புத்துநோய்க்கு நரம்புன்னா உயிர். நரம்போட உறைக்குள்ள பூந்து அது வழியாவே பின்னாடி ஊர்ந்து போகும், கண்குழிக்குப் பின்னாடி இருக்கற பிளவு வழியா மூளைக்கு கீழ இருக்கற கேவர்னஸ் சைனஸ்ங்கற ரத்தப்பை வரைக்கும் போயிரும். அதனாலதான் வலி, அதனாலதான் மரத்துப் போறது. வலி மட்டும் இருந்தா அழற்சியாவும் இருக்கலாம், வலியும் மரத்துப்போறதும் ஒண்ணா வந்தா அன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பிடணும், மருந்து குடுத்துப் பாக்கலாங்கற பேச்சே கூடாது.

ஸ்டீராய்டு குடுத்தவங்கள நான் குத்தம் சொல்ல வரல, ஏன்னா ஓ.பி.ல இந்த எடத்துல வர்ற வீக்கத்துல அழற்சிதான் அதிகம், நானே நூத்துக்கணக்குல பாத்திருக்கேன், பாதிக்கு மேல மருந்துலயே சரியாகிப் போகும். எனக்கு வருத்தம் என்னன்னா ஸ்டீராய்டு கேட்டுச்சுங்கறத வச்சு நோய முடிவு பண்றது. கட்டிய சுத்தி இருக்கற நீர்க்கோப்பும் அழற்சியும் ஸ்டீராய்டுல கொறையும், வலியும் கொறையும், கட்டி அங்கேயே இருக்கும். லிம்ஃபோமாங்கற நிணநீர் புத்துநோய் இன்னும் மோசம், கட்டியே சுருங்கிக் காட்டும், அப்புறம் பயாப்சி எடுத்தா தெளிவா படிக்க முடியாது. ஒரு கோர்ஸ் குடுத்து நிறுத்தினதும் திரும்ப வந்தா அடுத்த கோர்ஸ் எழுதக்கூடாது, சதை எடுத்துப் பாக்கணும்.

ரத்த டெஸ்ட் எல்லாம் அனுப்பினோம். தைராய்டு, அப்புறம் இதே மாதிரி வீக்கம் குடுக்கற மத்த அழற்சி நோய்களுக்கான ஐஜிஜி4, ஏ.சி.இ., ஏ.என்.சி.ஏ., நம்ம ஊருன்னா டி.பி.யும் கட்டாயம் பாக்கணும். எல்லாம் நார்மல். எதிர்ப்புசக்தி தாறுமாறா வேலை செஞ்சு வர்ற ஐஜிஜி4 நோய்னா பொதுவா ரெண்டு பக்கமும் வலியில்லாம வீங்கும், எச்சில் சுரப்பியும் சேர்ந்து வீங்கறது உண்டு. 1888ல அப்போ ஜெர்மனில இருந்த கோனிக்ஸ்பர்க்ல மிக்குலிச்ங்கற சர்ஜன் பாத்த விவசாயிக்கு அப்படித்தான், ரெண்டு கண்ணீர்ச் சுரப்பியும் எச்சில் சுரப்பிகளும் சமமா வீங்கியிருந்துச்சு, அதுக்கு அவர் பேரையே வச்சாங்க, அந்த மிக்குலிச் நோய இன்னைக்கு ஐஜிஜி4 குடும்பத்துல சேர்த்துட்டாங்க. இந்தம்மாவுக்கு ஒரே பக்கம், வலி, மரப்பு. ஒத்துப் போகல.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் ரெண்டும் எடுத்தோம், ரெண்டுக்கும் வேலை வேற வேற. எலும்புக்கு சி.டி., சதைக்கும் நரம்புக்கும் எம்.ஆர்.ஐ. சி.டி.ல சுரப்பி இருக்கற பள்ளத்துல 27 மி.மீ. நீளத்துல கட்டி, உள்ள பொடிப்பொடியா சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, பக்கத்து எலும்பு விளிம்பு எலி கடிச்ச மாதிரி அரிச்சிருக்கு. இந்த எலும்ப நல்லா பாக்கணும். மெதுவா வளர்ற சாதுவான கட்டி எலும்ப அரிக்காது, வருஷக்கணக்கா அழுத்தி அழுத்தி வழவழன்னு ஒரு குழி பறிச்சு வைக்கும், அம்மிக்கல்லு நடுவுல தேய்ஞ்சு பள்ளமாகுற மாதிரி. அரிச்சு சொரசொரன்னு இருந்தா அது வேற ஜாதி. லிம்ஃபோமாவா இருந்தா கண்ணு உருண்டைய ஒட்டி வார்த்த மாதிரி படர்ந்திருக்கும், கண்ணு வடிவம் மாறாது. இங்க கட்டி கண்ணு உருண்டைய ஒரு பக்கம் அமுக்கித் தட்டையாக்கியிருந்துச்சு, பின்பக்கமா ஆப்பு மாதிரி கூர்மையாகி வெளிப்பக்க தசைய ஒட்டிப் போயிருந்துச்சு. எம்.ஆர்.ஐ.ல கண்குழி முனை வரைக்கும் போகல, கேவர்னஸ் சைனஸ் சுத்தம். அந்த வரிய ரேடியாலஜிஸ்ட் போன்ல படிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இப்ப வர்றதுதான் இந்த நோய்ல கஷ்டமான எடம். இந்த சுரப்பியில பயாப்சி எடுக்கலாமா கூடாதாங்கறத கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். கேக்க விசித்திரமா இருக்கும், என்ன நோய்னு தெரியத்தானே பயாப்சி, அதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்னு. ஆனா நெலம அதுதான். இதே எடத்துல ப்ளியோமார்ஃபிக் அடினோமான்னு ஒரு சாதுவான கட்டி வரும், வலி இருக்காது, ஒரு வருஷத்துக்கு மேல மெதுவா வளரும், அத சுத்தி மெல்லிசா ஒரு உறை மாதிரி இருக்கும், அந்த உறை கிழியாம முழுசா எடுத்துட்டா அத்தோட முடிஞ்சது. கிள்ளிப் பாத்தா உள்ள இருக்கற செல் சிந்திரும், வருஷம் கழிச்சு அங்கங்க மொளைக்கும், சில சமயம் புத்தாவே திரும்பி வரும். அமெரிக்க ராணுவ பேத்தாலஜி நிறுவனத்துல இருந்த கேஸ்கள வச்சு ஃபான்ட், கேமல்னு ரெண்டு பேரு 1978ல கணக்கு பாத்தாங்க, முழுசா எடுத்தவங்கள்ல 5 வருஷத்துல திரும்ப வந்தது 3 சதவீதம், முழுசா எடுக்காதவங்கள்ல 32 சதவீதம். அதே நேரம் புத்துன்னு சந்தேகம் இருந்தா அப்படியே திறந்து மொத்தமா எடுக்கவும் கூடாது, முதல்ல சின்னதா பயாப்சி பண்ணி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, பரவலப் பாத்து, அப்புறம்தான் பெரிய ஆபரேஷன். அவசரப்பட்டு பாதிய வெட்டி எடுத்துட்டா சுரப்பிக்குப் போற ரத்தக்குழாயும் போயிரும், அந்த ரத்தக்குழாய் வழியா நேரடியா கீமோ குடுக்கற வழி ஒண்ணு மயாமில இருந்து 1998ல வெளிவந்துச்சு, குழாய் போச்சுன்னா அந்தக் கதவும் மூடிரும்.

அதனாலதான் அந்த போட்டோவ அவ்ளோ நேரம் நோண்டினேன். ஆரம்பிச்சது 12 மாசத்துக்கு உள்ளயா வெளியயா, வலி உண்டா இல்லியா, எலும்பு குழிஞ்சிருக்கா அரிச்சிருக்கா, இந்த மூணையும் சேர்த்து வச்சுப் பாத்தா பெரும்பாலும் வழி தெரிஞ்சிரும். இந்தம்மாவுக்கு மூணும் ஒரே பக்கம் கை காட்டுச்சு. ஆக பயாப்சி எடுக்கணும்.

எங்க, எப்படி எடுக்கறதுங்கறது அடுத்த கேள்வி. இமைக்கு உள்பக்கமா போகக்கூடாது, அங்க இருக்கறது சின்ன பகுதி, கட்டி அங்க இல்ல, போதாக்குறைக்கு குழாய் எல்லாம் அறுந்து ஆயுசுக்கும் கண்ணு வறண்டு போகும். நாங்க மேலிமை மடிப்புல தோல் வழியா போனோம். ஜெனரல் அனஸ்தீசியா. அந்த வெட்டு வழியையும் பின்னாடி பெரிய ஆபரேஷன்ல சேர்த்தே எடுத்துற மாதிரி நேரா, சின்னதா. கட்டி தட்டுப்பட்டதும் மேலாப்புல கிள்ளிட்டு வரல, மேல இருக்கற அடுக்கு பல சமயம் வெறும் அழற்சியா இருக்கும், ஆழத்துல இருந்து ரெண்டு துண்டு எடுத்தோம். நரநரன்னு மணல் கலந்த மாதிரி இருந்துச்சு. ஒரு துண்டு ஃப்ரோஸன் செக்ஷனுக்கு (உறைய வச்சு அப்பவே சீவிப் பாக்கறது), எடுத்தது கட்டியோட சதைதானான்னு தெரிஞ்சுக்க மட்டும், அத வச்சு பெரிய ஆபரேஷன முடிவு பண்ணல. இன்னொண்ணு ஃபார்மலின்ல. லிம்ஃபோமாவா இருந்துட்டா தேவைப்படும்னு கொஞ்சம் ஃபார்மலின் படாமயும் வச்சோம். 20 நிமிஷத்துல தியேட்டருக்கு போன் வந்துச்சு, "கட்டிதான், எபிதீலியல், மூடிக்கலாம்." எபிதீலியல்னா சுரப்பியோட செல்லுல இருந்தே வந்தது, லிம்ஃபோமா இல்ல.

நாலு நாள் கழிச்சு பேத்தாலஜிஸ்ட் என்னைய மைக்ராஸ்கோப் பக்கத்துல உக்கார வச்சு காட்டினாங்க. சின்னச்சின்ன கருநீல செல்லு கூட்டங்கூட்டமா, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் வட்டவட்டமா ஓட்டை, ஓட்டைக்குள்ள வெளிர்நீலமா கொழகொழன்னு ஒரு பொருள். சல்லடைய வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்ச மாதிரியே இருக்கும், பாடப்புத்தகத்துல இருக்கற கிரிப்ரிஃபார்ம்ங்கற லத்தீன் வார்த்தைக்கும் சல்லடைன்னுதான் அர்த்தம். அப்புறம் ஸ்லைட கொஞ்சம் நகர்த்தி ஒரு நரம்ப காட்டினாங்க, குறுக்கா வெட்டுன நரம்பு, அத சுத்தி வளையல் போட்ட மாதிரி அதே கருநீல செல்லு. அவங்களும் எதுவும் பேசல, நானும் பேசல. நெத்திப்பொட்டுல பஞ்சு தெரியாம போனதுக்கு காரணம் கண்ணு முன்னாடி இருந்துச்சு.

குறிப்பிட்ட புரதங்கள அடையாளம் காட்டற இம்யூனோ சாயத்துல சிடி117 உள்வரிசை செல்லுலயும் பி63 வெளிவரிசையிலயும் புடிச்சிருந்துச்சு, அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா உறுதியாச்சு. சல்லடை அமைப்புதான் பெரும்பகுதி, ஓட்டையே இல்லாம கெட்டியா இருக்கற பேஸலாய்டு பகுதி எடுத்த துண்டுல இல்ல. அது நல்ல சேதி. 1982ல அதே ஃபான்ட், கேமல் ரெண்டு பேரும் பாத்த கணக்குல பேஸலாய்டு பகுதி இருந்தவங்கள்ல 5 வருஷம் தாண்டினது 21 சதவீதம், இல்லாதவங்கள்ல 71 சதவீதம்.

பழைய பயாப்சி ஸ்லைடயும் வாங்கி பாத்தோம். இத சொல்லியே ஆகணும். ரிப்போர்ட் தப்பில்ல. அந்த ஸ்லைடுல இருந்தது நார்மல் சுரப்பி, நடுவுல கொஞ்சம் லிம்ஃபோசைட்ங்கற வெள்ளணு, அவ்ளோதான். குடுத்த சதையத்தான் அவங்க படிச்சாங்க, கட்டி அதுல இல்லவே இல்ல. கேன்சர் செல் இல்லங்கற வரி அந்த துண்டுக்கு மட்டும் சொன்ன பதில், நோயாளிக்கு சொன்ன பதிலா எடுத்துக்கிட்டதுதான் தப்பு. கைக்கு கல்லு மாதிரி தட்டுப்படுது, எலும்பு அரிச்சிருக்கு, ரிப்போர்ட் மட்டும் சாதுவா இருக்குன்னா ரிப்போர்ட்ட நம்பாதீங்க, மறுபடி சரியான எடத்துல எடுங்க. பி.ஜி. படிக்கறவங்க யாராவது இத படிச்சா இந்த ஒண்ண மட்டுமாவது எழுதி வச்சுக்கோங்க.

அவங்ககிட்ட சொல்ற நாள் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. நான் சொல்லி முடிச்சதும் வீட்டுக்காரர்தான் அழுதார், அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அப்ப அந்த வலி நெசந்தானுங்களா டாக்டர்? டென்ஷனால வர்றதுன்னு சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு பல்ல கடிச்சுக்கிட்டிருந்தேனுங்க." நெசந்தான்மா, நீங்க சொன்னது எல்லாமே நெசம்னு சொன்னேன்.

பெட் சி.டி.ல நுரையீரல், கழுத்து, ஈரல் எல்லாம் சுத்தம். இந்த புத்து ரத்தத்துல பரவினா முதல்ல தேடிப் போற எடம் நுரையீரல்தான். அளவு 2 செ.மீ.க்கு மேல 4க்குள்ள, எலும்ப மூடியிருக்கற பெரியாஸ்டியம் சவ்வு, எலும்பு ரெண்டும் தொட்டாச்சு, ஆக நோயோட நிலை டி2சி. பல துறை டாக்டர்கள் கூடிப் பேசற ட்யூமர் போர்டுல ரொம்ப நேரம் பேச்சு. கண்ண முழுசா எடுத்துறணும்னு ஒரு பக்கம், கண்ண காப்பாத்தி கட்டியையும் அரிச்ச எலும்பையும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கலாம்னு இன்னொரு பக்கம், கண்ண எடுத்தவங்க கூடுதலா வாழறாங்கன்னு உறுதியான ஆதாரம் கெடையாது. ரத்தக்குழாய் வழி கீமோ பத்தியும் சொன்னோம், எங்ககிட்ட அந்த வசதி இல்ல. எல்லாத்தையும் ரெண்டு பேர்கிட்டயும் பொறுமையா சொன்னதுக்கு அப்புறம் கண்ண வச்சுக்கற வழிய தேர்ந்தெடுத்தாங்க. கட்டி, சுத்தியிருக்கற பெரியாஸ்டியம், வெளிப்பக்க எலும்பு, பழைய வெட்டுத்தழும்பு எல்லாம் ஒண்ணா எடுத்தோம், 5 வாரம் கழிச்சு ரேடியேஷன் ஆரம்பிச்சு மொத்தம் 60 கிரே அளவு, கூட வாராவாரம் சிஸ்பிளாட்டின் கீமோ.

இப்ப 14 மாசம் ஆச்சு. போன மாச எம்.ஆர்.ஐ. சுத்தம், நெஞ்சு சி.டி. சுத்தம். இடது பார்வை 6/12, ரேடியேஷனால விழித்திரை கெடுதான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கறோம், கண்ணு நல்லா வறண்டிருக்கு. மறுபடி அதே மெஷினுக்குப் போயிட்டாங்க, பாதி ஷிஃப்ட் மட்டும். நூல்கண்டு வைக்கற டப்பாவுலயே சொட்டு மருந்து பாட்டில வச்சிருக்காங்களாம், மணிக்கு ஒருக்கா மறக்காம விடறேனுங்கன்னாங்க. ராத்திரி தூங்கறாங்க. பஞ்ச எடுத்து இடது நெத்திப்பொட்ட தொட்டேன், இன்னமும் தெரியல, இனி தெரியப்போறதும் இல்ல, அந்த நரம்ப கட்டியோட சேர்த்தே எடுத்துட்டோம். சுடுதண்ணி ஊத்தறப்ப மட்டும் முதல்ல கையால தொட்டுப் பாத்துக்கோங்கம்மான்னு சொல்லி, 6 மாசம் கழிச்சு எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கு சீட்டு எழுதிக் குடுத்தேன்.